ஏழாம் எண்ணின் வம்சம்

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. தம்பி பட்டறையில் ஒரு மோட்டாருக்கு ஒயர் இணைத்துக்கொண்டிருந்தான். போனில் குடை ரிப்பேர்க்காரர். "உங்க அக்கா உக்காந்த வாக்குலயே சாஞ்சிட்டாங்க தம்பி. டாக்டர் வந்து பாத்துட்டார். நீங்க வாங்க" என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று இவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம், தனக்கு ஏற்கெனவே நாற்பத்தேழு பிள்ளைகள் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். மெஷின்களைத்தான் சொன்னாள். பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, அடுக்கடுக்காக ஊற்றிப் பொருள் செய்யும் மெஷின்கள். மோட்டார், திருகு, மின்பலகை இவை தவிர, தன்னைப் போலவே இன்னொன்றுக்கு வேண்டிய எல்லா உறுப்புகளையும் அந்த மெஷினே செய்து கொடுத்துவிடும். ஒன்றை வாங்கிப் போனவர் இரண்டாவதைத் தன் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம். செயற்கைக் காலின் கணுக்கால் மூட்டு முன்பெல்லாம் கப்பலில் வர எட்டு மாதமாகும். இப்போது ஒரு மெஷினை வாங்கி வைத்த சலவைக் கடைக்காரி தன் பின்னறையில் ஒரே பகலில் செய்தாள்.

அக்கா இரண்டு சட்டம் வைத்திருந்தாள். பிறக்கும் ஒவ்வொரு மெஷினின் அடியிலும் அதன் எண்ணையும் தாயின் எண்ணையும் பொறிக்க வேண்டும். கோணல் இல்லையே என்று நான்கு மூலைகளிலும் மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் எந்த மெஷினையும் பிள்ளை பெற விடக் கூடாது. எந்நேரமும் மூலைமட்டமும் கையுமாக இருந்ததால் பட்டறையில் அவளுக்கு 'மட்டம்' என்றே பேர். வேலைக்கு மட்டம் போடாதவன் அப்படிக் கூப்பிடட்டும் என்பாள்.

இரண்டாவது சட்டத்தை மீறியவன் தம்பிதான். ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். ஆர்டர் குவிந்து கிடந்தது. புதிதாகக் கோத்த ஏழாம் எண்ணை அளக்காமலே ஓட விட்டான். அதன் ஒரு மூலை நூலிழை சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அதன் பிள்ளையில் அது கொஞ்சம் கூடியது, பேரப்பிள்ளையில் இன்னும் கொஞ்சம். கடைசியில், செயற்கைக் கால் வைத்த ஒரு தபால்காரர் மாடிப்படியில் இறங்கும்போது கணுக்கால் மூட்டு விண்டுபோய், விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

உடைந்த கணுக்கால் மூட்டை எடுத்துக்கொண்டு அக்கா அதைச் செய்த சலவைக் கடைக்குப் போனாள். மெஷினைக் கவிழ்த்துத் தாயின் எண்ணைப் படித்தாள். அந்தத் தாயைத் தேடிப் போய் அதன் தாயின் எண்ணைப் படித்தாள்: ஏழு. சாயங்காலம் பட்டறையில் வந்து நின்றாள்.

"ஏழாம் நம்பரை அளந்தியா?"

"இல்லக்கா."

அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"செருப்பைக் கோணலா தைச்சா ஒரு ஜோடியோட போச்சு. இது குட்டி போடுதுடா. நாம சாப்பிடும்போது போடும், சண்டை போடும்போதும் போடும்."

எல்லோருக்கும் போன் போட்டு நிறுத்தச் சொல்லலாம் என்றான். போனில் சரி என்பார்கள், வைத்ததும் ஓட விடுவார்கள், அவர்கள் பிழைப்பு அது என்றாள். பின்சுவரில் சுண்ணக்கட்டியால் ஏழாம் எண்ணின் வம்சத்தை வரைந்தாள். ஏழாம் எண்ணையும் சேர்த்து இருபத்துமூன்று வட்டம். மாற்று மூலைத்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறினாள். மாற்றி, அளந்து, வந்து ஒரு வட்டத்தை அடிப்பாள். ஓடுகிற மெஷினுக்கு முதலில் போவாள். நிற்கிற மெஷின் யார் காலையும் உடைக்காது என்பது அவள் கணக்கு. உன் தப்புக்கு என் கடையை ஏன் மூட வேண்டும் என்று மெத்தைக் கடைக்காரர் கதவைச் சாத்தினார். அவள் அவர் வாசற்படியிலேயே பகல் முழுக்க உட்கார்ந்தாள். கடைசியில் அவரே டீ கொடுத்து உள்ளே கூப்பிட்டார்.

யார் தப்பு என்று கேட்டவர்களிடம், "எங்க பட்டறைத் தப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருக்கும். வாய் திறக்கமாட்டான். அவள் நெஞ்சிலும் வலி இருந்தது. வீட்டில் கேட்டால் வாயு என்றாள். நான்கு மாதம் இப்படிப் போயிற்று. மிச்சம் இருந்தது குடைக்காரருடையது ஒன்றுதான். இன்று காலை அங்கேதான் போயிருந்தாள்.

தம்பி போனபோது அவளைப் பெஞ்சில் கிடத்திக் கறுப்புக் குடைத்துணியால் போர்த்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தான். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேசையில் மெஷின் படுத்துக் கிடந்தது. புது மூலைத்துண்டின் நான்கு திருகுகளில் மூன்று முடுக்கப்பட்டிருந்தன.

குடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இதிலிருந்து பிள்ளை எதுவும் எடுத்தீர்களா என்று அக்கா வந்ததுமே கேட்டாளாம். இல்லை என்றாராம். மூன்றாவது திருகு முடிந்தபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. "'ஒண்ணு எடுத்தேம்மா, என் மச்சானுக்கு, நம்பர் போடல'ன்னு சொன்னேன். 'அட்ரஸ் சொல்லுங்க'ன்னு பென்சிலை எடுத்தாங்க தம்பி. அவ்வளவுதான்."

"அது இப்ப ஓடுதா?"

"காலைலேர்ந்து ஓடுது. கணுக்கால் மூட்டுதான் செய்யுது."

தம்பி சித்தப்பாவுக்கு போன் செய்து வண்டியோடு வரச் சொன்னான். அவர் வந்து அக்காவின் பக்கத்தில் உட்காரும்வரை காத்திருந்தான். பிறகு அவள் பையையும் மூலைமட்டத்தையும் எடுத்தான். போனிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றைக்குப் போய் அலைய வேண்டாம் என்றார் குடைக்காரர்.

"போன்ல சரிம்பார். அட்ரஸ் சொல்லுங்க."

மூன்று தெரு தள்ளி, ஒரு மாவு மில்லின் மேல்மாடி. மச்சான் கதவைத் திறந்ததும் உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"மெஷினை நிறுத்துங்க. அதுல ஒரு மூலை கோணல். தப்பு பட்டறையோடது இல்ல, என்னோடது. நான்தான் அளக்காம விட்டேன்."

 மச்சான் உள்ளே போய் நிறுத்தினார். மூலைத்துண்டை மாற்றி, நான்கு மூலைகளையும் இரண்டு தடவை அளந்து, அடியில் நாற்பத்தெட்டு என்று பொறித்தான். அதன் கீழே தாயின் எண். அதுவரை செய்த மூட்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டான். பதினொன்று. எதுவும் இன்னும் யார் காலுக்கும் போகவில்லை.

மறுநாள், எல்லாம் முடிந்து வந்து, சுவரில் இருபத்துநான்காவதாக ஒரு வட்டம் போட்டு அவனே அதை அடித்தான்.

குடைக்காரர் கடையில் மெஷின் ஓடாமல் அப்படியேதான் கிடக்கிறது. நான்காவது திருகு அதன் பக்கத்தில், மேசை மேல் இருக்கிறது.