செவ்வாய்க்கிழமைத் தந்தி

அம்மா செவ்வாய்க்கிழமைகளில் பேசமாட்டாள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்த வருஷம், ஆர்.கே.புரத்துக் குன்றின் மேலிருக்கும் முருகனிடம் நேர்ந்துகொண்ட மௌன விரதம் அது. காலையில் குளித்ததும் வாயை மூடினால், சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் திறப்பாள். நான் பிழைத்ததற்கு மருந்து காரணமா முருகன் காரணமா என்று அவளிடம் வாதாட முடியாது. அதிலும் செவ்வாய்க்கிழமை சுத்தமாக முடியாது.

வெகுகாலம் இதை வைத்து அவளைக் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன். ஒரு குளிர்காலத்தில் கிண்டல் நின்றுபோனது. காலையில் காபி டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. "கை மரத்துப்போச்சு, குளிருல்லா" என்றாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பி.பி. ஏறியிருக்கிறது என்று மாத்திரை எழுதிக்கொடுத்தவர், பேச்சு குழறினால் கொஞ்சமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். அவர் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னார். மற்ற நாளில் குழறினால் சரி. செவ்வாய்க்கிழமை குழறினால் எனக்கு எப்படித் தெரியும்?

விரதத்தை விட்டுவிடச் சொன்னேன்.

"விட்டுட்டு? ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்று ஒரே போடாகப் போட்டாள்.

கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தோம். மயூர் விஹார் ஃபிளாட்டில் நாங்கள் இருவர்தான். செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஆபீஸிலிருந்து போன் செய்வேன். அவள் எடுத்து, ரிசீவரில் ஸ்பூனால் தட்டவேண்டும். தட்டினால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இதற்காகவே டெலிபோன் பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்தேன். 'டொக்' என்று கேட்டதும் போனை வைத்துவிடுவேன். "மாதாஜி கா தார் ஆ கயா?" என்று பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பார். அம்மாவின் தந்தி வந்துவிட்டதாம். அது வந்த பிறகுதான் முன்னால் கிடக்கும் ஃபைல் என் கண்ணுக்கே தெரியும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியமாகியும் மூடுபனி விலகவில்லை. போன் செய்தேன். எடுத்தாள். மூச்சு கேட்டது. தட்டல் வரவில்லை.

"அம்மா?"

மூச்சு மட்டும்.

"ஸ்பூன் அங்கதான இருக்கு? காணலைன்னா கையால தட்டு. ராத்திரி சரியா தூங்கினியா? இருமல் கேட்டுச்சே. மாத்திரை போட்டுக்கிட்டியா? அம்மா, விளையாடாத. அம்மா!"

செக்‌ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போனை வைத்துவிட்டு மறுபடி சுழற்றினேன். எங்கேஜ்டு. அப்படியென்றால் ரிசீவர் கீழே விழுந்து கிடக்கிறது. அவளும் கிடக்கிறாள். பக்கத்து வீட்டார் லூதியானாவில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எட்டிப் பார்க்கச் சொல்ல ஆளில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆட்டோவில் "ஜல்தி பையா, ஜல்தி" என்று அரற்றிக்கொண்டே வந்தேன். நிஜாமுதீன் பாலத்தின் மேல் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கீழே யமுனை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. விழுந்து கிடந்தாலும் இவள் வாயைத் திறந்து யாரையும் கூப்பிடமாட்டாளே என்று தோன்றியது. விரதம் கெட்டால் எனக்கு ஆகாது என்று, எனக்காகவே, வாயை மூடிக்கொண்டு கிடப்பாள். வேண்டாம் முருகா, என் பங்கு ஆயுசை எடுத்துக்கொண்டு அவளைக் கொடு என்று கேட்டேன். பேரம் பேசுகிற ஆள் இல்லை நான். அன்று பேசினேன்.

அம்மா கடைசியாக என்னிடம் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. திங்கள் இரவு ஏதோ சொன்னாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, நான் "உம்" என்றேன். அதுதான் கடைசிப் பேச்சாக ஆகிவிட்டால்? எவ்வளவு முட்டிக்கொண்டும் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. அன்றைய பயத்திலேயே பெரிய பயம் அதுதான்.

எங்கள் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆட்டோ நின்றது. காசைக் கொடுத்துவிட்டுச் சாலையில் கால் வைத்தேன்.

"ஏட்டி, பாத்து! பஸ்சு வருது!"

பின்னுக்குத் துள்ளினேன். பஸ் என்னை உரசுவது போலப் போனது. அது போன பிறகு பார்த்தால், கேட்டருகில் அம்மா. காலில் செருப்பில்லை, மேலே ஸ்வெட்டரில்லை. கையில் ஸ்பூன். மாடிப்படி முழுக்க இறங்கி வந்திருக்கிறாள். தான் பேசிவிட்டது அப்போதுதான் உறைத்தது போல, வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கத்தினேன். சாலை என்றும் பார்க்காமல், ஏன் தட்டவில்லை, என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தட்டினா நீ வச்சிருவ" என்றாள். "நீ இன்னும் ரெண்டு வார்த்த பேசுவியோன்னு பாத்தேன். தூங்கினியான்னு கேட்டல்லா, அதக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். பொறவு தட்டினேன். விடாம தட்டிக்கிட்டே இருந்தேன். நீ இல்ல."

என் சால்வையை அவள் மேல் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் நின்று, "பேசிட்டேனே, ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்றாள். அவள் முகத்திலும் என் பயமேதான் இருந்தது.

அடுத்த வாரமே மறுபடி விரதத்தைத் தொடங்கிவிட்டாள். நானும் மதியம் போன் செய்தேன். சரோஜினி நகரில் பட்டாணி விலை, எங்கள் ஆபீசரின் குரங்குக் குல்லா, கேண்டீன் டீயின் லட்சணம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வேன். அவள் சாவகாசமாகக் கேட்டுவிட்டுத்தான் தட்டுவாள். அதுவரை மூச்சு மட்டும் கேட்கும். ஒவ்வொரு வாரமும் அந்த மூச்சைத் தவறவிடாமல் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொள்வேன். ஆனாலும் தட்டச் சொல்லி ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.