அக்காவின் தேற்றம்

அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அக்காவின் கையில் ஒரு சாக்பீஸ் இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி பஸ் நிற்கும். அங்கே நான் வண்டியோடு காத்திருந்தேன். பாதி தேய்ந்த வெள்ளைச் சாக்பீஸ். வகுப்பில் எடுத்ததை அவள் கீழே வைக்கவே இல்லை. அதோடு கல்லூரியை விட்டு வெளியே வந்து, பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, திருப்பாலைவனம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு இடம் கிடைத்து உட்கார்ந்து, ஊர் வந்து இறங்கியும் விட்டாள். இது எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் அதைப் பார்த்தாள். என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். குப்பத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அப்போது நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அக்கா கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருடம் போல ஆகியிருந்தது. நைனாவுக்கு ஏரியில் இறால் பிடிக்கும் தொழில். மகள் டாக்டராகிவிட்டாள் என்று அவர் படகுத்துறையில் சொன்னது பரவி, பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சல் கண்ட பேரனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இது கணக்கு டாக்டர் என்று அம்மா விளக்கியதும், "கணக்குக்குக் கூடவா நோவு வருது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதைச் சொல்லிச் சொல்லி அக்காவே சிரிப்பாள். பட்டம் வாங்கியும் அவள் கௌரவ விரிவுரையாளராகத்தான் இருந்தாள். அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்களா என்று ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்க வேண்டிய வேலை. நிரந்தரப் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. முனைவர் பட்டம் இல்லாமல் அந்த வரிசையில் நிற்க முடியாது. வீட்டில் எல்லோரும் அந்த நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா முகம் கழுவிக்கொண்டு, அம்மா உரித்துக்கொண்டிருந்த இறாலை வாங்கித் தான் உரிக்க ஆரம்பித்தாள். கை பழக்கத்தில் வேகமாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சதை குப்பைப் பாத்திரத்திலும் தோல் குழம்புச் சட்டியிலும் கிடந்தன. "இன்னாடி, தோலைக் குழம்பு வெக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா. அக்கா இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவற்றை மாற்றி வைத்துவிட்டு, ஊரில் யாரோ வந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"என் தீசிஸ் தப்பு."

வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல நைனா. நான்தான் பாத்தேன்."

"யாரும் சொல்லலன்னா அப்புறம் இன்னா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த சில வாரங்களில் வேறு பலரும் அதையே வேறு வேறு சொற்களில் கேட்டார்கள்.

வகுப்பில் என்ன நடந்தது என்பதை நான் இரண்டு பேரிடமிருந்து கேட்டிருக்கிறேன். ஒன்று அக்கா. இன்னொருவர் அன்று அந்த வகுப்பில் இருந்த மாணவர். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது. பி.எஸ்ஸி. இறுதியாண்டு. ஒருங்குதலில், அதாவது ஒரு வரிசை ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போவதில், இரண்டு வகை உண்டு என்று அக்கா நடத்திக்கொண்டிருந்தாள். புத்தகம் ஆங்கிலத்தில், பிள்ளைகள் பெரும்பாலும் தமிழில் படித்து வந்தவர்கள். அதனால் ஏரியை எடுத்துக்கொண்டாள். படகுகள் கிளம்பிப் போயிருக்கின்றன. ஒவ்வொரு படகும் எப்போதாவது கரைக்கு வந்துவிடும் என்பது ஒரு செய்தி. இன்ன நேரத்துக்குள் எல்லாப் படகும் வந்துவிடும் என்பது வேறு செய்தி. முதலாவது உண்மை என்பதால் இரண்டாவதும் உண்மை என்று ஆகிவிடாது என்றாள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். ஏரிக்கரைக்காரன். "ஆவும் மிஸ். கடைசிப் படகு எப்ப வருதோ, அதான் அந்த டைமு," என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னது சரி. படகுகள் எண்ணி முடியக்கூடியவை என்றால் அவற்றில் கடைசியாக வருவது என்று ஒன்று இருக்கும். அக்கா அதை ஒப்புக்கொண்டாள். படகுகளுக்கு முடிவே இல்லை என்று வைத்துக்கொள், அப்போது கடைசிப் படகு எது என்று கேட்டாள். "அத்தினி படகை ஏரி தாங்காது மிஸ்," என்றான். மறுபடி சிரிப்பு. அக்காவும் சிரித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பியவள் எழுதவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளியே போய்விட்டாள். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று எழுந்து பேசிய அந்த மாணவர்தான் எனக்குச் சொன்னவர், இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். துறைமுகத்துக்கு எதிரான மீனவர் போராட்டத்தைப் பற்றி எழுதப் போனபோது, டீக்கடையில் என் ஊரை விசாரித்து, அக்காவைத் தெரியும் என்றார். "நான் வாய்க்கொழுப்புல இன்னாமோ பேசிட்டேன் சார். மிஸ்ஸு கோச்சிக்கினு போயிட்டாங்க," என்றார். அதற்குப் பிறகு பட்டம் முடியும்வரை எந்த வகுப்பிலும் அவர் எழுந்து கேள்வி கேட்கவில்லை. அவர் பேச்சுதான் அக்காவுக்கு அவளுடைய பிழையைக் காட்டிக்கொடுத்தது என்று சொன்னேன். தலையாட்டினார். டீ கிளாஸை வைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பிழை எளிமையானது. அக்காவின் ஆய்வேட்டில் நடுநாயகமாக ஒரு தேற்றம். அதன் நிரூபணத்தில் ஒரு வரி: ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைக்கிறது, அவற்றுள் மிகப் பெரியதை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளுக்கு முடிவில்லை. முடிவில்லாத எண்களில் மிகப் பெரியது என்று ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கடைசிப் படகு ஒன்று இருப்பதாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்ஸி. பிள்ளை இதை எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன் என்று என்னிடம் சொன்னாள். ஆய்வேட்டில் அந்த வரி கனமான குறியீடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. ஒருவேளை முடிவு சரியாகவும் நிரூபணம் மட்டும் தவறாகவும் இருக்கலாம் என்று மறுநாள் முழுக்க முயன்றாள். சாயங்காலத்துக்குள் தேற்றமே பொய் என்று காட்டும் ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. அதற்குப் பின் வந்த அத்தியாயங்கள் எல்லாம் அந்தத் தேற்றத்தின் மேல் கட்டியவை.

அவளுடைய ஆய்வு நெறியாளரைப் பார்க்க அவளோடு நானும் சென்னைக்குப் போனேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அலமாரியின் மேல் அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் அடுக்கியிருந்தன. பழவேற்காட்டுக்காரர்களிடம் சென்னையில் எல்லோரும் கேட்பதை அவரும் என்னிடம் கேட்டார்: டச்சுக் கல்லறை இன்னும் அப்படியே இருக்கிறதா? இருக்கிறது என்றேன். அக்கா ஒரே ஒரு தாளை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்கு அருகில் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"ஆமாம்மா. ஓட்டைதான்," என்றார்.

தானும் பார்க்கவில்லை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர்களும் பார்க்கவில்லை என்றார். அதில் எதையும் அவர் மழுப்பவில்லை. பிறகு, ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டால் தேற்றம் நின்றுவிடும் என்று ஒரு வழி சொன்னார்.

"சேர்த்தா நிக்கும் சார்," என்றாள் அக்கா. "ஆனா அது எம்.எஸ்ஸி. புஸ்தகத்துல பயிற்சிக் கணக்கா இருக்கு."

அவர் அதை மறுக்கவில்லை. தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். நேர்முகத் தேர்வு முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார். "நீயா போய்ச் சொல்லாதம்மா. அங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தேற்றம் புரியாது. தப்புங்கிற வார்த்தை மட்டும்தான் புரியும்." எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர்.

நைனாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். கேட்டால் சொல், கேட்காததை எதற்குச் சொல்லிக்கொண்டு என்றார். இந்த வேலையும் போனால் இனி எந்தக் கல்லூரியிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள் என்று அம்மா பயந்தாள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அக்கா யாரிடமும் வாதாடவில்லை. ஒருமுறை மட்டும், நேர்முகத்துக்கு உடுத்த வேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே, பத்திரிகையில் தப்பு வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று என்னிடம் கேட்டாள். மறுநாள் திருத்தம் போடுவோம் என்றேன். அதை யாராவது படிப்பார்களா என்றாள். யாரைப் பற்றித் தப்பாகப் போட்டோமோ அவர்கள் படிப்பார்கள் என்றேன். "இதுல அப்பிடிக்கூட யாரும் இல்ல," என்றாள்.

நேர்முகத்தில் நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். அக்கா பலகையில் தேற்றத்தை எழுதினாள். இது தவறு என்றாள். எந்த வரியில் தவறு என்று காட்டினாள். தேற்றத்தைப் பொய்யாக்கும் உதாரணத்தையும் எழுதினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்ததும், நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"டிகிரியை யுனிவர்சிட்டி வாபஸ் வாங்கிட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப செல்லும்ல?"

"செல்லும் சார்."

அசல் சான்றிதழைக் கேட்டார்கள். கொடுத்தாள். நடுவில் இருந்தவர் முத்திரையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். தன் முன்னால் இருந்த தாளில் ஒரு டிக் போட்டார். வெளியே வந்து அக்கா தாழ்வாரத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நியமன ஆணை வந்தது. படகுத்துறையில் இருந்த எல்லோருக்கும் நைனா கேசரி கொடுத்தார். காட்டூரிலிருந்து அம்மாவின் உறவுக்காரர்கள் வந்தார்கள். அக்கா எல்லோருக்கும் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டாள். அந்தத் தேற்றத்தை வெளியிட்ட ஆய்விதழுக்கு அவள் ஒரு திருத்தம் அனுப்பினாள், இதழ் நின்றுபோயிருந்தது. பல்கலைக்கழகத்துக்கும் எழுதினாள், பதில் வரவில்லை. மறுபடி எழுதினாயா என்று நான் ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டாள். நடிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "இன்டர்வியூல அவங்க அன்னைக்குக் கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றாள். அதன் பிறகு அவள் ஆய்வு எதுவும் செய்யவில்லை. வகுப்புக்குப் போனாள், வந்தாள். கோபமோ வருத்தமோ தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் வேறொரு ஊரில் துறைத் தலைவர். நைனா இல்லை. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி, தோண்டி, மறுபடி மூடிக்கொண்டிருக்கிறது. நான் பத்திரிகை வேலையை முன்னதாகவே விட்டுவிட்டேன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அக்கா ஒன்று சொன்னாள். ஒவ்வோர் ஆண்டும் எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒருநாள் தன் தேற்றத்தை நிரூபணத்தோடு பலகையில் எழுதுகிறாளாம். யாருடையது என்று சொல்வதில்லை. சரியா தவறா என்றும் சொல்வதில்லை. மறுநாள் வந்து, நேற்று எழுதியதில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்கிறாள். யாருக்கும் இருப்பதில்லை. பிறகு அவளே அந்த வரியைக் காட்டுகிறாள். பிள்ளைகள் நோட்டில் அதை அடித்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் விடைத்தாளின் நகலோடு அவளைப் பார்க்க வந்தாள். தாள்களைத் திருத்துவது வேறு ஊரில், வேறு ஆசிரியர்கள். ஒரு கேள்விக்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது, மறு மதிப்பீட்டுக்குப் போடலாமா என்று கேட்க வந்திருந்தாள். அக்கா பக்கங்களைப் புரட்டினாள். வேறொரு கேள்வியில், நெறியாளர் சொன்ன அதே நிபந்தனையோடு பாடப்புத்தகத்தில் இருக்கும் தேற்றத்தைக் கேட்டிருந்தார்கள். நிபந்தனை இல்லாத அக்காவின் தேற்றத்தை அந்தப் பெண் எழுதி வைத்திருந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு குறியீடு பிசகாமல். மிகப் பெரியதை எடுத்துக்கொள்வோம் என்ற இடத்தில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு டிக். முழு மதிப்பெண். அக்கா அந்த வரியைக் காட்டிய இரண்டாம் நாள் வகுப்புக்கு அவள் வந்திருக்கவில்லை. மழையில் அவள் ஊர் பஸ் ஓடவில்லை.

அக்கா அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டதைப் பார்த்து அவள் பயந்திருக்கிறாள். "நீங்க போட்ட மாதிரியேதானே மேம் எழுதியிருக்கேன்?" என்று கேட்டாள். ஆமாம், அப்படியேதான் எழுதியிருக்கிறாய் என்று அக்கா அவளை உட்கார வைத்து, அந்த வரியைக் காட்டி, அது ஏன் நிற்காது என்று விளக்கினாள். கெட்டிக்காரப் பெண்தான். பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். உதாரணத்தின் கடைசி வரியை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, முகம் மாறி, விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இந்த மார்க்கு போயிடுமா மேம்?"

"போகாதும்மா," என்றாள் அக்கா. "ஒண்ணும் ஆகாது."