ஸ்டெல்லா சிஸ்டரும் ஐந்து பேர் போட்ட ஒரே சட்டையும்

பணி ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டதிலிருந்து காலையில் கைப்பேசியை எடுக்கவே அலுப்பாக இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல நாலு பேர் வருவார்கள். சாவுச் செய்தி என்றால் கூப்பிய கைகள் வரிசை கட்டி நிற்கும். போன வியாழக்கிழமை அந்தக் கைகளைத் தள்ளிக்கொண்டே மேலே போனபோது ஸ்டெல்லா சிஸ்டரின் படம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அவரேதான். அதற்குள் அவர் மகள் ஜெனிதா அழைத்துவிட்டாள்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. காலையில காப்பியப் போட்டு வச்சுட்டு உக்காந்தவங்கதான். நீங்க வாங்க" என்றாள்.

எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் பேசிவிட்டேன். போனவர்களையெல்லாம் தங்கமானவர் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே தேய்ந்துபோயிற்று. சிஸ்டரைப் பற்றி அப்படி எழுதிவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. அவருக்கு நான் ஒரு தவறு செய்தேன். முப்பது வருடமாக அதை அவரிடம் சொல்லாமலே ஓட்டிவிட்டேன். அதையும் சேர்த்து எழுதினால்தான் இது அஞ்சலி.

கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர், ஊர்க்காரர்களுக்குக் கம்பவுண்டர். சிஸ்டர் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து செவிலியராக மாற்றலாகி வந்து, கைக்குழந்தையோடு பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் குடியேறினார். கணவர் ஆரோக்கியம் வளைகுடாவில் வெல்டராக இருந்தார். வந்த முதல் வாரமே சிஸ்டர் என்னைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டார். பிளாஸ்திரி ஒட்டும்போது ஒரு முனையைக் கொஞ்சம் மடித்து ஒட்டுவது என் வழக்கம். பிரிக்கும்போது நுனி கையில் கிடைக்கும், தோல் உரியாது. வலையில் கையைக் கிழித்துக்கொண்டு வந்த ஒருவருக்கு நான் ஒட்டியதைப் பார்த்துவிட்டு, "இதென்ன சார், பிளாஸ்திரிக்குக் காது வச்சிருக்கீங்க?" என்றார். அதன் பிறகு கட்டு மாற்ற யார் வந்தாலும், "காது வச்சிருக்கா? அப்ப சார் போட்டது" என்பார். வெயிலில் காத்துக் கிடக்கிறவர்களும் சிரித்துவிடுவார்கள்.

ஆரோக்கியம் ஒரு வீடியோ டெக் வாங்கி அனுப்பினார். அப்போது வாரம் ஒரு நாள் சாயங்காலம் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நாடகம் வரும். ஐந்து பேர் ஒரே அறையில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்காரரிடம் ஒருவர்தான் இருப்பதாகச் சாதிப்பார்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஒரே சட்டையை ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். வீட்டுக்காரருக்குக் கண் மங்கல். குட்டையன் நெட்டையனாகி, நெட்டையன் குண்டனாகி வரும்போது, "தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று அவர் கவலையாகக் கேட்பார். சிஸ்டருக்கு அந்த நேரம் பெரும்பாலும் பிரசவ வார்டில் வேலை இருக்கும். யாராவது குவார்ட்டர்ஸுக்குப் போய் டெக்கில் கேசட்டைப் போட்டுப் பதிந்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்ப்போம். சிஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

நாடகத்தின் கடைசிப் பகுதி வந்த அன்று சிஸ்டருக்குச் சிக்கலான ஒரு பிரசவம். சாவியை எப்போதும்போல ஓ.பி. சீட்டு ஜன்னலில் மாட்டிவிட்டு, "யாராச்சும் பதிஞ்சு வச்சுருங்க. அந்தச் சட்டை என்னாவுதுன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான்தான் போனேன். புதுக் கேசட் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அலமாரியில் பெயர் எழுதாத ஒன்று கிடந்தது. அதைப் போட்டேன், பதிவாகவில்லை. கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. இதில் அது உடைந்திருந்தது. கடையில் வாங்கிய பழைய படமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் சட்டைப் பையில் எப்போதும் பிளாஸ்திரிச் சுருள் இருக்கும். ஒரு துண்டைக் கிழித்து அந்த ஓட்டையை மூடினேன். பதிவாகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது ஆரோக்கியம் தன் நண்பரின் கேமராவில் தன்னைப் படமெடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. தன் அறை, கட்டில், சமையல், வேலைக்குப் போகும் வழி எல்லாவற்றையும் காட்டி மனைவியிடமும் மகளிடமும் பேசியிருந்தார். அழியக்கூடாதென்று அந்தத் துண்டை உடைத்ததும் அவரே.

மறுநாள் சிஸ்டர் மருந்தகத்துக்கு வந்தார். "நேத்து யாரு பதிஞ்சது?" என்று பொதுவாகக் கேட்டார். அங்கே நாங்கள் நாலு பேர் இருந்தோம். அழிந்துபோனது ஆரோக்கியம் பேசி அனுப்பிய கேசட் என்று அவர் சொன்னதும், எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். மற்றவர்கள் இல்லை என்றார்கள். "நான் அங்கிட்டே போகலையே" என்று நானும் சொன்னேன். சிஸ்டர் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப பேய்தான் வந்து பதிஞ்சிருக்கு. சரி விடுங்க, அவரு வரும்போது வேற எடுத்துக்குவோம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் வரவில்லை. மூன்றாம் மாதம் ஆரோக்கியம் வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனார். பெட்டி வந்துசேரப் பல நாள் ஆயிற்று. முன்பே சொல்லியிருந்தால் அது ஒரு கவனக்குறைவு. அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நான் கோழை. இதை எழுதுவதற்கே இத்தனை காலமாயிற்று.

அந்தக் கேசட்டில் நாடகம் முடிந்ததும் திரை முழுக்கக் கோடு ஓடும். பிறகு ஆரோக்கியம் வருவார். ஒரு நிமிடம்தான் மிச்சம். பனியனோடு நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, போனில் பேசுகிறவரைப்போல, "சரி ஸ்டெல்லா, வச்சுர்றேன்" என்பார். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்துச் சிஸ்டர் மறுபடி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட ஆரம்பித்தார். அந்தக் கேசட்டை மட்டும் அவரே போடுவார், அவரே எடுத்து வைப்பார். வேறு யாரையும் தொட விட மாட்டார். முதலிலிருந்து ஓட வேண்டும். ஒருமுறை ஒரு செவிலியர், "சிஸ்டர், நேரா அண்ணன் வர்ற எடத்துக்கு ஓட்டவா?" என்று கேட்டார். "வேணாம்மா. சிரிச்சுட்டுப் போயி அவரைப் பாக்கணும். அழுதுக்கிட்டே போனா அவருக்குப் பிடிக்காது" என்றார் சிஸ்டர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டெக்குகள் பழுதாகிப்போன காலத்தில் கேசட்டுகள் எல்லாவற்றையும் சிடிக்கு மாற்றப் புதுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நாடகத்தைச் சுத்தமாக மாற்றி, கடைசியிலிருந்ததைத் தேவையில்லாதது என்று வெட்டிவிட்டார். யாரிடமும் குரல் உயர்த்தாத சிஸ்டர் அங்கே உயர்த்தினார். "நாடகத்த வேணும்னா வெட்டிக்கங்க தம்பி. கடைசியில உள்ளதத் தொடாதீங்க" என்றார். மறுபடி மாற்றி வாங்கும்வரை அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் சொந்த ஊருக்குப் போனார். நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவேன். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து கடைசியில் நானும் அவரும்தான். நாடகத்தில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்கு மனப்பாடம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, அவருக்காகச் சிரிப்பேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போகும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். திரும்பி வரும்போது அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். இப்படியே காலம் போயிற்று.

அடக்கம் முடிந்து, குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கிளம்பும்போது ஜெனிதா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். அலமாரியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாங்க மாமா."

திருப்பிப் பார்த்தேன். முதுகில் என் பிளாஸ்திரி பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனை மடிந்திருந்தது. என் கை பழக்கத்தில் செய்த காரியம், எனக்கே நினைவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும் மாமா. காது வச்ச பிளாஸ்திரி வேற யாரு ஒட்டுவாங்கன்னு சொல்லுவாங்க."

"அப்பறம் ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

ஜெனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நானும் கேட்டேன். கேட்டா அந்த மனுசன் ஞாயித்துக்கெழமை வர மாட்டாரு, அப்பறம் நான் யாரோட ஒக்காந்து சிரிக்கிறதுன்னாங்க."

திரும்பும் பஸ்ஸில் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் அசதி. இதைப் போட்டுப் பார்க்க இன்று யார் வீட்டிலும் டெக் இல்லை. பார்க்கவும் வேண்டாம்.

சிஸ்டர், அன்றைக்குப் பதிந்தது நான்தான். உங்களுக்குத் தெரியும் என்றாலும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆரோக்கியத்தைப் பார்த்திருப்பீர்கள், சிரித்துக்கொண்டேதான் போயிருப்பீர்கள். சரி சிஸ்டர், வச்சுர்றேன்.