கசெட்டில் அழிந்த வாசிப்பு

இன்று நடந்ததை வேறு ஆட்கள் சொல்லிக் கேட்பதற்கு முன், நானே எழுதி இந்தச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

வளர்ந்தோர் வகுப்புக் கசெட், நம் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் பஸ்ஸில் போய்வருவது தெரியும்தானே. ஒரு பக்கம் கிளிநொச்சி ரீச்சரின் பாடம். மறுபக்கத்தில் நாங்கள் வாசித்துப் பதிய வேண்டும். அதைக் கேட்டுத்தான் ரீச்சர் அடுத்த வகுப்புக்கு ஏற்றுவார்.

போன வெள்ளி அது என்னிடம் இருந்தது. மறுபக்கத்தின் தொடக்கத்தில் சத்தமே இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் பற்றரி வீணாகும் என்று மீதியைக் கேட்காமல், அம்மன் கோயில் பூசையைப் பதிந்துவிட்டேன்.

இன்று ரீச்சர் நேரில் வந்து, இரண்டு ஊராரையும் இங்கே கூட்டி, அதைப் போட்டார். மணியோசை, தேவாரம், மறுபடி மணியோசை. கடைசியில் ஒரு பெண்குரல்: “வாசிச்சு முடிச்சிட்டேங்க ரீச்சர்.”

ஸ்கந்தபுரம் ராசம்மாவின் குரல். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். ஆட்கள் முன் வாசிக்கக் கூச்சப்பட்டு, வீட்டில் தனியே பதிந்திருக்கிறார். என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

“ஆர் இதை அழிச்சது?”

“நான்தான் ரீச்சர். பற்றரியை மிச்சம் பிடிச்சனான்.”

“நல்ல மிச்சம்! இப்ப அவா எல்லாருக்கும் முன்னால வாசிக்கோணும்.”

ராசம்மா எழுந்தார். புத்தகத்தை விரித்து ஒரு பக்கம் முழுவதும் வாசித்தார். ரீச்சர் அவரை ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்து என் காதில் சொன்னார்: “அம்மன் பூசையைக் கேட்டுட்டுத்தானே அக்கா வாசிச்சேன். பாஸாகாமப் போவேனா?”

என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க விரும்புகிறவர்கள் திட்டி எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.