மன்னார்குடிப் பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர்

மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ்நாடு வெளிநாடுதான். தமிழ் பேசுவதால் எல்லாம் தெரியும் என்ற திமிர் மட்டும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்து எழுதலாம் என்று போன தை மாதம் கிளம்பினேன். என் வலைப்பதிவைப் படித்துப் பழக்கமான செல்வி டீச்சர், "ஓட்டல் எதுக்குங்க, நம்ம வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டிருந்தார்.

தஞ்சாவூரில் காலை எட்டு மணிக்கு மன்னார்குடி பஸ். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். தார் ரோட்டில் பாதியில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் பஸ் போகிறது, யாரும் யாரையும் திட்டவில்லை! எங்கள் ஊரென்றால் போலீஸ் வந்திருக்கும். கண்டக்டர் டிக்கெட்டோடு விசாரணையும் நடத்தினார். "யார் வீட்டுக்குங்க? டீச்சர் வீடா? நானே இறக்கிவிடுறேன், நிம்மதியா தூங்குங்க."

வாசலில் செல்வியின் அப்பா நின்றார். பண்ணையில் கூலி வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம். பளபளவென்று துலக்கிய சொம்பில் தண்ணீர் நீட்டினார். முதல் நாள் தஞ்சாவூரில் கண்டதையும் தின்று என் வயிறு ஒரு வழியாகியிருந்தது. அதை எப்படிச் சொல்வது? "வேண்டாங்க ஐயா" என்று சிரித்து, கையிலிருந்த பாட்டிலைக் காட்டினேன். அவர் சொம்போடு உள்ளே போய்விட்டார்.

பிறகு கொல்லைக்குப் போனவர் என் பக்கமே வரவில்லை. வந்ததும் வாசலில் நான் படமெடுத்தது பிடிக்கவில்லையோ என்று செல்வியைக் கேட்டேன்.

"அதில்லைங்க. அப்பா வேலை பார்த்த பண்ணைக்காரங்க இங்க வந்தா இப்பவும் பாட்டிலோடதான் வருவாங்க. எங்க சாதிக்காரங்க கையால தண்ணி வாங்க மாட்டாங்க. நீங்களும் அப்படின்னு நெனச்சுட்டாரு. காலையிலேர்ந்து அந்தச் சொம்பை நாலு வாட்டி துலக்கினாருங்க."

ஐயோ! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொல்லைக்கு ஓடினேன்.

"ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்றேன், நேத்துலேர்ந்து வயித்துப்போக்கு. அந்தப் பயந்தான், வேற ஒண்ணுமில்லை. அந்தத் தண்ணியைக் குடுங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "அட, இதை மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா? பச்சைத் தண்ணி ஆகாது, இருங்க."

சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, அதே சொம்பில் கொடுத்தார். முழுதும் குடித்தேன். காலிச் சொம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தவர், "இன்னுங் கொஞ்சம்?" என்றார். வயிறு முட்டியும் தலையாட்டினேன்.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல பருவம். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். வயிறு சரியில்லையென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாட்டிலும் கொண்டுபோங்கள். நான் கிளம்பும்போது அவர் என் பாட்டிலை வாங்கி, கடைத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, சீரகத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார். தஞ்சாவூர் வரும்வரை அது என் மடியில் வெதுவெதுவென்று இருந்தது.