விபத்தில்லாத ஆயிரம் நாட்கள்

வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஷாம்பூவும் சோப்பும் பேக்கிங் ஆகின்றன. கம்பெனிக்கு உலகமெல்லாம் கிளைகள். நான் அங்கே சேஃப்டி ஆபீசர். தொழிலாளிக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன்.

கேட்டைத் தாண்டியதும் ஒரு பலகை நிற்கும். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே நாலு ஆணி அடித்திருப்பார்கள். ஆணியில் தகர நம்பர்கள் தொங்கும். தினம் காலையில் ஒன்று கூட்டி மாட்டவேண்டும். யாராவது அடிபட்டு மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனால், பழையபடி முதலிலிருந்து எண்ணவேண்டும் என்பது தலைமை ஆபீஸ் போட்ட சட்டம். அடிபட்டவரை எப்படியாவது கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால் நம்பர் தப்பிக்கும் என்பது நாங்கள் கண்டுபிடித்த வழி.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று பலகையில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. பேக்கிங் லைனில் செயினை மறைத்து ஓர் இரும்பு மூடி உண்டு. பூஜைக்காகப் பெண்கள் மெஷினைத் துடைத்து, மூடியின் மேல் சந்தனம் வைக்கப் போனார்கள். நான் பெரிய மனுஷன் தோரணையில், மூடிக்கு எதற்குப் பொட்டு, மெஷினுக்கு வையுங்கள் என்று சொல்லிக் கழற்றச் சொன்னேன். மூடியைக் கழற்றாதே என்று வருஷம் முழுக்க வகுப்பெடுத்த வாய்தான் அது. செயின் மேலேயே மாலை போட்டார்கள். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, வழக்கப்படி ஒரு சுற்று ஓட்டச் சொன்னோம். மூடி கீழே கிடந்தது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

மாலை செயினில் மாட்டிக்கொண்டது. சுத்துக்கேணியிலிருந்து வரும் ஓர் அம்மா, கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்டர் அனுப்பும் கூலி ஆள், லேபிள் ஒட்டுகிறவர், சாமிக்குப் போட்ட மாலை நசுங்குகிறதே என்று பதறிக் கையை நீட்டினார். மாலையோடு கையும் உள்ளே போனது. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. நான் வாயில் பொரியை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூலக்குளத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வைத்துக் கட்டுப் போட்டோம். மேனேஜர் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: நாளைக்கு அந்தம்மா வந்துவிடுவார்கள் அல்லவா? ஆயிரமாவது நாளைக் கொண்டாட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்கெனவே பேச்சு. முதலுதவிப் புத்தகத்தில், வீட்டில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டார் என்று என் கையால் எழுதினேன். நசுங்கிப்போன விரலுக்கு அரிவாள்மனையாம்!

மறுநாள் காலையிலேயே காண்ட்ராக்டர் கார் அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. தினமும் போனது. முதலுதவி அறைக் கட்டிலில் உட்காரவைத்து வருகை போட்டோம். சும்மா உட்கார்ந்திருந்தால் நாலு பேர் கேட்பார்கள், லேசாக ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் மேனேஜர். பலகையில் நம்பர் மாட்டுகிற வேலையைக் கொடுத்தேன். அந்தப் புத்தி கெட்ட யோசனை என்னுடையதுதான். ஒருநாள் ஹெல்மெட் போடாமல் ஸ்டூலில் ஏறினார் என்று திட்டவும் செய்தேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். விபத்து தொழிற்சாலைக்குள் நடந்தது என்று நான் ஒரு தாள் எழுதி அனுப்பினால்தான் தொழிலாளர் காப்பீட்டில் அவருக்கு ஆயுசுக்கும் மாதாமாதம் ஏதாவது வரும். இந்தக் கையோடு வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? அந்தத் தாளை அனுப்புங்கள் சார் என்றார். கொண்டாட்டம் முடியட்டும், மறுநாளே அனுப்புகிறேன் என்று சொன்னேன். தாளை எழுதி டிராயரில் வைத்தும்விட்டேன்.

ஆயிரமாவது நாள் வந்தது. கேட்டுக்கு வாழைமரம், உள்ளே ஷாமியானா, ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் பரிசு. விருந்தாளிகளின் கார் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக போன் வந்ததும் பலகையைப் பார்த்தேன். ஆயிரம் இல்லை. இரண்டே இரண்டு தகரம், எட்டும் எட்டும். அந்தம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்மண் தெரியாத கோபம் எனக்கு. என்னம்மா இது, கணக்குத் தெரியாதா என்று கத்தினேன்.

அவர் சத்தம் போடவில்லை. "இன்னா சார் தப்பு? என் வெரலு போயி இன்னியோட எண்பத்தெட்டு நாளு. நான் தெனம் எண்ணிக்கினுதான் இருக்கேன்."

சரியான கணக்கு. அந்தத் தொழிற்சாலையில் சரியாக எண்ணியவர் அவர் ஒருவர்தான். கேட்டில் வாட்ச்மேன் விசில் ஊதினார். நானே ஸ்டூலில் ஏறி இரண்டு எட்டையும் பிடுங்கிவிட்டு, ஒன்றையும் மூன்று பூஜ்யங்களையும் மாட்ட ஆரம்பித்தேன். ஸ்டூல் ஆடியது. கீழே குனிந்து பார்த்தால், மூன்று விரலிருந்த கையாலும் மற்றக் கையாலும் அவர்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்து சார். நீங்க கம்பெனி ஆளு. வுழுந்தா எழுதித்தான் ஆவணும்."

விருந்தாளிகள் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். ஆயிரம் நாள் ஆன சேதி நேற்றுதானே உலகம் முழுக்கப் போயிருக்கிறது, இன்றைக்கு இதை அனுப்பினால் உன் வேலையும் என் வேலையும் என்ன ஆகும் என்றார். மறுபடி டிராயரில் வைத்தேன். அந்த வாரமே காண்ட்ராக்டர் அவர் வீட்டுக்குக் கார் அனுப்புவதை நிறுத்திவிட்டார், வேலைக்கும் கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து அந்தம்மா பஸ் பிடித்துக் கேட்டுக்கு வந்தார். தாள் போய்விட்டதா என்று கேட்கிறார்கள் என வாட்ச்மேன் போன் பண்ணினார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். என் அறை ஜன்னலிலிருந்து கேட் தெரியும். வெயிலில், பலகைக்கு எதிரே, சாயங்காலம் ஷிப்ட் விடும்வரை நின்றுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு எந்த மீட்டிங்கும் இல்லை.