கீழ்வீட்டுக்காரியின் கடைசிப் பாய்ச்சல்

என் கீழ்வீட்டுக்காரிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஒரே படிக்கட்டை இத்தனை வருஷம் பகிர்ந்துகொண்ட இரண்டு பேருக்கிடையில் இவ்வளவு முழுமையான கருத்தொற்றுமை அபூர்வம். நாங்கள் மிளகாய் வறுத்தால் அவர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அறைந்து சாத்தப்படும். ஞாயிற்றுக்கிழமை நான் தூசி உறிஞ்சியை எடுத்தால், கீழேயிருந்து தும்புத்தடியால் கூரையை இடிப்பார். நானும் சும்மா இருந்தவனல்ல. அவர் இடிக்க இடிக்க, மூலை முடுக்கெல்லாம் நிதானமாகச் சுத்தம் செய்வேன். வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் நான் அவ்வளவு சுத்தக்காரன் இல்லை.

அவர் ஒரு காலத்தில் நீளம் பாய்தல் போட்டிகளில் ஜெர்மனிக்காகப் பாய்ந்தவர். அவர் சொல்லித் தெரிந்ததல்ல; என்னிடம் அவர் பேசியதெல்லாம் குப்பை வாளிகளைப் பற்றித்தான். ஆனால் எவ்வளவு பகையென்றாலும் ஒருவர் பார்சலை மற்றவர் வாங்கி வைப்பது இங்கே வழக்கம். அப்படி ஒரு பெட்டியைக் கொடுக்கப் போன அன்று, திறந்த கதவுக்குள்ளால் சுவரில் ஒரு படம் தெரிந்தது. நெஞ்சில் இலக்கம் குத்திய ஒரு மெலிந்த பெண், காற்றில் கதிரை போட்டு உட்கார்ந்ததுபோல் மிதந்துகொண்டிருந்தாள்.

"நீங்களா?" என்றேன்.

"வேறு யார், உங்கள் மனைவியா?" பெட்டியைப் பறித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பாய்வதை நிறுத்திய பிறகு ஒரு விளையாட்டுக் கழகத்தில் பிள்ளைகளைப் பழக்கி வந்தார். போன வருஷம் கழகம் அவருக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஓர் இளைஞனைப் போட்டது. பூங்கொத்து நேரே குப்பைக்குப் போனது. பிளாஸ்டிக் சுற்றைக் கழற்றி மஞ்சள் வாளியில் போட்டுவிட்டு, பூவை மட்டும் மண்ணிற வாளியில் எறிந்தார். ஆத்திரத்திலும் வாளி மாறவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் என் கதவைத் தட்டினார். நான் மிளகாய்க்கான வாதங்களைத் தயார் செய்துகொண்டு திறந்தேன்.

"உங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்தில் பாய்வதைப் பார்த்தேன்," என்றார். "மாடு வேலி பாய்வது அதைவிட அழகு. நான் பழக்குகிறேன். காசு வேண்டாம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒரு மணல்குழி வேண்டும்."

அதைக் கேட்பதற்கு அவருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஆள் நான்தான் என்பது எங்கள் இருவருக்குமே அவமானமாக இருந்தது. சனிக்கிழமைகளில் கீழ்வீடு காலியாக இருக்கும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, பெற்றோர் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மொழிபெயர்ப்பதை நான் செய்யப் பள்ளிக்கூடத் தலைவர் விடவில்லை. "நீர் இரும். நான் உமக்கு முதல் ஜெர்மனிக்கு வந்தவன்." முன் வரிசைத் தாய் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு கெட்டிக்காரி ஏன் பாயிறதை விட்டவவாம்?"

கேள்வி ஜெர்மனுக்குப் போனது. கீழ்வீட்டுக்காரி சுருக்கமாகப் பதில் சொன்னார். தலைவரின் முகம் மாறியது.

"மூண்டு தரம் மதம் மாறினவவாம். அதோட எல்லாம் முடிஞ்சுதாம்."

கூட்டம் கதிரைகளை முன்னுக்கு இழுத்துக்கொண்டது.

"மூண்டு தரமோ? எதிலயிருந்து எதுக்கு?"

"இப்ப கடைசியா எதில நிக்கிறாவாம், அதைக் கேளுங்கோ."

"ஏலாது அண்ணை. இண்டைக்குப் பாய்ச்சல் எண்டு தொடங்குவா, நாளைக்குப் பிள்ளையளுக்குப் பைபிளைக் குடுப்பா."

கீழ்வீட்டுக்காரி சொன்ன சொல் ஊபர்ட்ரேட்டன். தலைவர் அகதி முகாமில் இருந்த காலத்தில் அவரைத் தேடி வந்த ஜெர்மன்காரர்கள் மதம் பரப்பியவர்கள் மட்டும்தான். வாராவாரம் வந்து, மதம் மாறுவது என்ற பொருளில் அந்த ஒரு சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பாய்கிறவர்களுக்கோ அதன் பொருள், மிதிபலகையின் கோட்டைக் கால் தாண்டிப் போவது. தாண்டினால் சிவப்புக் கொடி. பாய்ச்சல் கணக்கில் இல்லை. மூன்று தரமும் தாண்டினால் போட்டியிலிருந்தே வெளியே.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிழையான மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருப்பது, பகையாளியைச் சகித்துக்கொள்வதைவிட எனக்குக் கஷ்டம். எழும்பிப் போய் மண்டபத்துக் கம்பளத்தின் ஓரத்தைக் காட்டி, இதுதான் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, என் தொப்பையோடு ஓடிவந்து காலை வெளியே வைத்துக் காட்டினேன். கடைசிப் போட்டியில் மூன்று தரமும் இப்படித்தான், என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நட்பு இல்லை. "அப்ப மூண்டு தரமும் பிழை விட்டவவோ எங்கட பிள்ளையளுக்குப் பழக்கப் போறா?"

"என்ன சொல்கிறார்கள்?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்டார். மதம் மாறிய கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். இந்த முறை மொழிபெயர்ப்பு எனக்கு வந்தது.

"மூன்றாவதுதான் நான் என் வாழ்க்கையில் பாய்ந்ததில் ஆகத் தூரம். பெருவிரல் கோட்டுக்கு வெளியே இருந்தது. வெளியே இருந்தால் அளக்க மாட்டார்கள்."

"அளக்கேல்லையெண்டால் ஆகத் தூரமெண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் தலைவர். அதையும் ஜெர்மனில் கொடுத்தேன்.

"எழும்பித் திரும்பிப் பார்த்தேன். மணலில் என் தடம் இருந்தது. பிறகு வாரி மூடிவிட்டார்கள்."

எங்கள் சனத்துக்கு வென்றவர்களைச் சந்தேகிக்கத்தான் தெரியும். தோற்றவர் என்று உறுதியானால் உடனே இளகிவிடும். "அந்த அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ," என்று யாரோ சொன்னார்கள். கையில் திணிக்கப்பட்ட கோப்பையை, தன் வாசலில் நான் வைத்த பொருள்போல அவர் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பழக்கட்டும். ஆனால் பிள்ளையளோட மதம் கதைக்கக்கூடாது." விட்டுக்கொடுத்ததாகத் தெரியக்கூடாதல்லவா.

"சரி," என்றார் கீழ்வீட்டுக்காரி. "எனக்கும் ஒரு நிபந்தனை. என் காலை எல்லோருக்கும் முன்னால் கம்பளத்தில் நடித்துக் காட்டிய இந்த மனிதர் மைதானத்துக்கு வரக்கூடாது. மொழிபெயர்க்க அவர் போதும்." தலைவரைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மதம் மாறியவளாகவே விட்டிருக்கலாம். அது தோல்வி இல்லை."

கடைசி இரண்டு வசனமும் எனக்கு மட்டும். மற்றதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நிபந்தனைக்குச் சம்மதமானவர்களைத் தலைவர் கை உயர்த்தச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். என் மனைவியின் கையும் உயர்ந்திருந்தது.